நிரல் எழுத ஒரே பெரிய மானிட்டரா, இரண்டு சின்ன மானிட்டரா?

மாடிவீட்டு_கோடர் கேட்டது:

வணக்கம் மக்களே. வேலை ஜாவா, ஸ்பிரிங் பூட் பக்கம். நிரல் எழுத இன்டெலிஜே, இரண்டு டெர்மினல் (ஒன்றில் லாக், அதாவது நிரல் தன் போக்கை எழுதும் பதிவு, ஓடிக்கொண்டே இருக்கும்), சர்வருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பிச் சோதிக்கப் போஸ்ட்மேன், டேட்டாபேஸ் கிளையன்ட், வேலைப் பட்டியலுக்கு ஜிரா திறந்த பிரவுசர், இது போதாதென்று அலுவலக அரட்டைக்கு டீம்ஸ். எல்லாவற்றையும் 13 அங்குல லேப்டாப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஒன்று மாற்றி ஒன்று புரட்டிக்கொண்டிருக்கிறேன். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்துதான் வேலை.

மானிட்டர் வாங்க 40,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன், கேபிள், ஸ்டாண்டு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். இருப்பது பள்ளிக்கரணையில் வாடகை வீடு, மேசை நாலுக்கு இரண்டு அடி, சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறது. மூன்று யோசனை இருக்கிறது: 24 அங்குலத்தில் ஃபுல் ஹெச்.டி இரண்டு, 32 அங்குலத்தில் 4கே ஒன்று, இல்லையென்றால் 34 அங்குல அல்ட்ராவைடு. டீமில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அவரவர் வாங்கியதுதான் நல்லது என்கிறார்கள். கண்ணாடி போட்டிருப்பவன் நான், பொடி எழுத்து ஒத்துவராது. எதை எடுக்கலாம்?

பிக்சல்கணக்கு எழுதியது:

முதலில் அங்குலத்தை மறந்துவிடுங்கள் பாஸ். அது திரையின் மூலைவிட்ட அளவு, அவ்வளவுதான். நிரல் எழுதுகிறவர் பார்க்க வேண்டியது இரண்டு: திரையில் எத்தனை வரி தெரிகிறது, எழுத்து எவ்வளவு தெளிவாக இருக்கிறது.

24 அங்குல ஃபுல் ஹெச்.டி-யில் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். நாள் முழுக்கக் கோடு (நிரல்) படிக்கிறவருக்கு அது கொஞ்சம் சொரசொரப்பு, அதுவும் தமிழ் எழுத்தைப் படித்தால் 'ணை', 'ஞ' எல்லாம் பிசிறடித்துத் தெரியும். 34 அங்குல அல்ட்ராவைடு (3440×1440) சுமார் 110. 32 அங்குல 4கே சுமார் 138. 27 அங்குல 4கே 163. எண் ஏற ஏற எழுத்தின் ஓரம் வழவழப்பாகும்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 4கே என்றால் ஃபுல் ஹெச்.டி-யைப் போல நான்கு மடங்கு பிக்சல், உண்மைதான். ஆனால் நான்கு மடங்கு இடம் கிடைக்கும் என்று நினைத்தால் கிடைக்காது. 27 அங்குல 4கே-யை 100 சதவீதத்தில் வைத்து யாராலும் படிக்க முடியாது, 150 சதவீதம் ஸ்கேலிங் (எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டுவது) வைத்தாக வேண்டும். வைத்தால் உங்களுக்குக் கிடைக்கும் இடம் 2560×1440, அதாவது குறைந்த விலைக்கு விற்கும் கியூ.ஹெச்.டி மானிட்டரில் கிடைக்கும் அதே இடம்தான். கூடுதல் காசு எழுத்தின் தெளிவுக்குப் போகிறது. கண்ணாடி போட்டவருக்கு அந்தக் காசு வீண் இல்லை என்பது வேறு விஷயம். 32 அங்குலத்தில் 125 சதவீதம் போதும் என்கிற கண் இருந்தால் 3072×1728 அளவுக்கு இடம் வரும், அது நிஜமாகவே பெரிய இடம்.

அல்ட்ராவைடைப் பற்றி ஒரு வார்த்தை. 34 அங்குலம் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், அதன் உயரம் 27 அங்குல மானிட்டரின் உயரமேதான், சுமார் 33 சென்டிமீட்டர். அகலம் மட்டும்தான் கூடுகிறது. கோடு கீழ்நோக்கி நீள்கிற சமாச்சாரம், பக்கவாட்டில் இல்லை.

நிறைய_ஜன்னல் எழுதியது:

மேலே சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் வேலை செய்கிற விதத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே.

நீங்கள் ஜாவாக்காரர், உங்களுக்குத் தெரியாததா? போஸ்ட்மேனில் ரிக்வெஸ்ட் அனுப்புகிறீர்கள். பிரேக்பாயின்டில் (நிரலை நிறுத்திப் பார்க்கக் குறித்து வைத்த வரியில்) நிற்கிறது. உடனே இன்டெலிஜே முந்திக்கொண்டு மேலே வந்து போஸ்ட்மேனை மூடிவிடுகிறது. அனுப்பிய பாடியில் என்ன இருந்தது என்று பார்க்க ஒரு தடவை ஆல்ட்-டேப், திரும்பி வந்து வேரியபிளைப் பார்க்க இன்னொரு தடவை, அதற்குள் டேட்டாபேஸில் அந்த வரிசை ஏறியதா என்று பார்க்க மறுபடியும், இத்தனைக்கும் நடுவில் அந்தப் பக்கம் டைம்அவுட் ஆகி எல்லாம் முதலிலிருந்து. இரண்டு திரை இருந்தால் இடது பக்கம் டிபக்கர், வலது பக்கம் ரிக்வெஸ்டும் லாகும், இரண்டும் அசையாமல் நிற்கும். கண் போகிற இடத்தில் விஷயம் இருக்கும், கைக்கு வேலை இல்லை.

ஸ்க்ரீன் ஷேர் இன்னொன்று. அல்ட்ராவைடை முழுசாக ஷேர் செய்தால் எதிரில் லேப்டாப்பில் பார்க்கிறவருக்கு எறும்பு ஊர்வது மாதிரித் தெரியும், "கொஞ்சம் ஜூம் பண்ணுங்க"தான் மீட்டிங் முழுக்க. ஒரு விண்டோவை மட்டும் ஷேர் செய்யலாம், ஆனால் இன்டெலிஜேயில் இருந்து பிரவுசருக்குத் தாவும்போதெல்லாம் நிறுத்தி, மாற்றி, திரும்ப ஆரம்பிக்க வேண்டும். இரண்டு திரை வைத்திருப்பவர் ஒன்றை ஷேருக்கு விட்டுவிட்டு மற்றதில் நிம்மதியாகத் தன் குறிப்பைப் பார்த்துக்கொள்வார்.

பில் கேட்ஸ் 2006-ல் ஃபார்ச்சூன் இதழில் தான் வேலை செய்யும் விதத்தைப் பற்றி எழுதியபோது மேசையில் மூன்று திரை இருப்பதாகச் சொன்னார். இடது பக்கம் மெயில் பட்டியல், நடுவில் படிக்கிற மெயில், வலது பக்கம் பிரவுசர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரந்தர இடம். அதுதான் விஷயமே.

கடைசியாக ஒன்று: ஒரே மானிட்டர் என்றால் அது படுத்துவிட்டால் சர்வீஸிலிருந்து திரும்பி வரும்வரை நீங்களும் படுக்க வேண்டியதுதான். இரண்டில் ஒன்று போனால் மற்றது ஓடும்.

கழுத்துவலி_சங்கம் எழுதியது:

கேட்ஸ் நிரல் எழுதுவதற்கு அதை வைத்திருக்கவில்லை ஐயா, மெயில் படிக்க வைத்திருந்தார். அதிலும் மூன்று என்றால் நடுவில் ஒன்று வந்துவிடுகிறது பாருங்கள். பிரச்சினையே இரண்டில்தான்.

ஒரே அளவில் இரண்டு மானிட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூக்குக்கு நேரே வருவது எது? இரண்டும் சேருகிற கறுப்பு ஓரம். அதனால் என்ன ஆகும் என்றால், எடிட்டர் இருக்கிற திரையின் பக்கமாகக் கழுத்து எப்போதும் கொஞ்சம் திரும்பியே இருக்கும், உடம்பு நேராக, கை நேராக, தலை மட்டும் ஒரு பக்கம். பத்து நிமிடத்தில் தெரியாது. ஒரு வருடம் கழித்துத் தோள்பட்டையில் தெரியும். என் பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்ட கேள்வியே "மானிட்டர் எந்தப் பக்கம் இருக்கு?" என்பதுதான்.

இரண்டு வேண்டும் என்றால் தாராளமாக வையுங்கள், ஆனால் சமமாக வைக்காதீர்கள். ஒன்று நேர் எதிரே, நாற்காலியின் நடுவும் விசைப்பலகையின் நடுவும் அதன் நடுவும் ஒரே கோட்டில். மற்றது பக்கத்தில், உங்களைப் பார்த்துச் சாய்த்து, எப்போதாவது எட்டிப் பார்க்கிற சாமான்களுக்கு மட்டும்.

உயரத்தையும் பாருங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ கொஞ்சம் கீழேயோ இருக்க வேண்டும். 32 அங்குலத்தின் உயரம் கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர், கூட வருகிற ஸ்டாண்டில் நிறுத்தினால் குட்டையான ஆளுக்கு மேல் விளிம்பு கண்ணுக்கு மேலே போய்விடும். கேள்வி கேட்டவருக்குத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்ந்த பன்குவியக் கண்ணாடி என்றால் இது இன்னும் மோசம், அடிப்பக்க லென்ஸ் வழியாகப் படிக்கத் தாடையைத் தூக்க வேண்டி வரும்.

டெர்மினல்வாசி எழுதியது:

எல்லாரும் மேசையைப் பற்றிப் பேசுகிறீர்கள். அடியேன் 27 அங்குலம் ஒன்றே ஒன்று, லினக்ஸ், ஐ3 (விண்டோக்களை எண் போட்ட தளங்களில் அடுக்கி, விசையால் மாற வைக்கும் மென்பொருள்). எண் 1 எடிட்டர், 2 டெர்மினல், 3 பிரவுசர், 9-ல் அலுவலக அரட்டை. விசையை அழுத்தினால் கண் இமைப்பதற்குள் வந்து நிற்கும். ஆல்ட்-டேப் எரிச்சலாக இருப்பதற்குக் காரணம் திரை குறைவு என்பது இல்லை, எது எங்கே வரும் என்று அதில் தெரியாது என்பதுதான். ஒவ்வொன்றுக்கும் நிரந்தர எண் கொடுத்துவிட்டால் கேட்ஸின் மூன்று திரை ஒரே திரைக்குள் வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்பட வேண்டாம். இரண்டாவது திரை வாங்குகிறவர்களில் பாதிப் பேரின் இரண்டாவது திரையில் என்ன ஓடுகிறது என்று போய்ப் பாருங்கள். ஒன்று டீம்ஸ், இல்லையென்றால் ஐ.பி.எல். செய்தி வந்து மூலையில் மின்னும்போதெல்லாம் கண் போகும், கண் போனால் மனசும் போகும், அப்புறம் எந்த ஃபங்க்‌ஷனில் இருந்தோம் என்று தேட வேண்டியதுதான்.

அகலம் எதற்கு இத்தனை? வரிக்கு 80 எழுத்து, அதாவது 80 நெடுவரிசை என்கிற பழக்கம் ஐ.பி.எம் 1928-ல் கொண்டுவந்த துளை அட்டையிலிருந்து வருகிறது. இன்றைக்கும் பைத்தான் மொழியின் நடைவிதியான பெப் 8 வரிக்கு 79 எழுத்து என்றுதான் சொல்கிறது, அதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைக்கலாம் என்பது. 2560 பிக்சல் அகலத்தில் அப்படி மூன்று கோப்பு தாராளமாக நிற்கும்.

நிறைய_ஜன்னல் எழுதியது:

ஜாவாவில் 80 எழுத்தா? கிளாஸ் பெயருக்கே அது போதாது அண்ணா. அவருக்கு இன்டெலிஜேயில் இடது பக்கம் புராஜெக்ட் மரம், கீழே டிபக்கர், வலது பக்கம் மேவன். எடிட்டருக்கு மிஞ்சுவது நடுவில் ஒரு கைக்குட்டை அளவு.

ஐ3 பழகிய உங்களுக்கு அது சரி. ஆனால் லாக் ஓடுவதையும் கோடையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்கிற இடத்தில், எண்ணை அழுத்தி மாறுவது எவ்வளவு வேகமாக இருந்தாலும் அது ஒரே நேரம் ஆகாது.

மாடிவீட்டு_கோடர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஐ.பி.எல் விஷயத்தில் என்னைப் பற்றி யாரோ போட்டுக்கொடுத்த மாதிரி இருக்கிறது. ஒன்று சொல்ல விட்டுவிட்டேன், லேப்டாப் கம்பெனி கொடுத்த மேக்புக் ஏர், எம்1. இதனால் ஏதாவது மாறுமா? இரண்டு ஹெச்.டி.எம்.ஐ இருக்கிற ஒரு யூ.எஸ்.பி-சி ஹப் ஆன்லைனில் மலிவாகப் பார்த்து வைத்திருக்கிறேன், அதில் இரண்டு மானிட்டரையும் மாட்டிவிடலாம் என்று ஒரு கணக்கு.

பிக்சல்கணக்கு எழுதியது:

ஏதாவது மாறுமாவா? எல்லாமே மாறும். நல்ல வேளை, வாங்குவதற்கு முன் சொன்னீர்கள்.

எம்1 ஏரில் வெளி மானிட்டர் ஒன்றுக்குத்தான் இடம். அந்தச் சிப்பின் வரம்பு அது. எம்2 ஏரும் அப்படியே. எம்3 ஏரில் மூடியை மூடி வைத்தால் இரண்டு, 2025-ல் வந்த எம்4 ஏரில்தான் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு. எம்1-ல் மூடியை மூடினாலும் எண்ணிக்கை கூடாது.

நீங்கள் பார்த்து வைத்திருக்கிற ஹப்பில் இரண்டு ஹெச்.டி.எம்.ஐ ஓட்டை இருக்கும், இரண்டிலும் படமும் வரும், ஆனால் இரண்டிலும் ஒரே படம் வரும். ஒரு வயரில் இரண்டு தனித் திரையை அனுப்பும் எம்.எஸ்.டி என்கிற முறை விண்டோஸில் வேலை செய்யும், மேக்கில் திரையை விரிக்க உதவாது. பெட்டியில் இது பொடி எழுத்தில் இருக்கும், இல்லை இருக்கவே இருக்காது.

சுற்றுவழி ஒன்று உண்டு: டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள டாக் (ஹப் போன்ற இணைப்புப் பெட்டி). அது திரையை மென்பொருளால் சுருக்கி யூ.எஸ்.பி வழியாக அனுப்புகிறது, அதனால் சிப்பின் வரம்பு அதற்கு இல்லை. ஆனால் தனி டிரைவர் போட வேண்டும், திரையைப் பதிவு செய்யும் அனுமதியும் கொடுக்க வேண்டும். கம்பெனி லேப்டாப் என்கிறீர்கள், உங்கள் ஐ.டி ஆட்கள் அதற்குச் சம்மதிப்பார்களா என்று முதலில் கேளுங்கள். சம்மதித்தாலும் சி.பி.யூ கொஞ்சம் அதற்கு மொய் எழுத வேண்டும், டாக் விலையும் சேர்ந்தால் 40,000-ல் மானிட்டருக்கு மிஞ்சுவது குறையும்.

ஆகவே உங்களுக்கு இரண்டு 24 என்கிற யோசனை இப்போதே விழுந்துவிட்டது. நல்ல மானிட்டராக ஒன்று வாங்குங்கள், இரண்டாவது திரை ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, அதுதான் லேப்டாப். டீம்ஸையும் ஜிராவையும் அதில் போடுங்கள். கழுத்துவலி_சங்கம் சொன்ன "ஒன்று எதிரே, ஒன்று பக்கத்தில்" அமைப்பும் தானாக வந்துவிடும்.

ஹப் வாங்கினால் 4கே-யில் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 தடவை படம் மாறுவது) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய ஹெச்.டி.எம்.ஐ 1.4 என்றால் 4கே-யில் 30-தான் வரும், மவுஸ் அம்பு சேற்றில் நடக்கிற மாதிரி இருக்கும், பலர் மானிட்டரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். முடிந்தால் யூ.எஸ்.பி-சி உள்ள மானிட்டராகவே எடுங்கள், ஒரே வயரில் படமும் போகும், லேப்டாப்புக்குச் சார்ஜும் ஏறும்.

நட்டுக்குத்தல் எழுதியது:

யாருமே செங்குத்து மானிட்டரைப் பற்றிப் பேசவில்லையே! அலுவலகத்தில் 24 அங்குலத்தைத் திருப்பி நிறுத்தி வைத்திருக்கிறேன், 1920 பிக்சல் உயரம், எடிட்டரில் ஒரே பார்வையில் 90 வரிக்கு மேல் தெரிகிறது. கோடு ரிவ்யூவுக்கும், பிழை வந்த வழியைக் காட்டும் நீளமான ஸ்டாக் ட்ரேஸுக்கும் அதுபோல வராது. ஜாவாவின் ஸ்டாக் ட்ரேஸ் என்றால் சொல்லவே வேண்டாம், பிழையின் மூலக் காரணத்தைச் சொல்லும் "காஸ்ட் பை" (caused by) எங்கே என்று உருட்டி உருட்டி விரல் தேயும்.

இரண்டு எச்சரிக்கை. டி.என் வகைத் திரை என்றால் திருப்பாதீர்கள், ஒரு கண்ணுக்கு ஒரு நிறம், மறு கண்ணுக்கு வேறு நிறம் தெரியும், ஐ.பி.எஸ் வகை என்றால் சிக்கல் இல்லை. விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு: அதன் கிளியர்டைப் எழுத்து வழவழப்பு, பிக்சலின் சிவப்பு-பச்சை-நீலக் கோடுகள் பக்கவாட்டில் வரிசையாக நிற்கின்றன என்று நம்பி வேலை செய்வது, திரையைத் திருப்பினால் எழுத்தோரத்தில் லேசாகச் சாயம் தெரியலாம். இது மாடிவீட்டுக்காரருக்கு உதவாது என்று தெரியும், மற்றவர்கள் படிக்கட்டும் என்று எழுதினேன்.

மாடிவீட்டு_கோடர் எழுதியது:

ஐ.டி-யில் கேட்டேன். திரைப் பதிவு அனுமதி என்ற வார்த்தையைச் சொன்னதுமே முடியாது என்றுவிட்டார்கள். சரி, ஒன்றுதான். இனி 27 அங்குல 4கே-யா, 32 அங்குல 4கே-யா?

பிக்சல்கணக்கு எழுதியது:

உங்கள் மேசையின் ஆழம் இரண்டு அடி, அதாவது 60 சென்டிமீட்டர். மானிட்டரோடு வருகிற ஸ்டாண்டின் கால் அதில் 20-க்கு மேல் சாப்பிட்டுவிடும், கை வைக்க இடம் போக, 32 அங்குலம் முகத்துக்கு மிக அருகில் நிற்கும். டென்னிஸ் ஆட்டம் பார்க்கிற மாதிரி இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தலையை ஆட்ட வேண்டும். ஆர்ம் (மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மானிட்டரைத் தாங்கும் கை) போட்டுச் சுவர் ஓரமாகத் தள்ள முடியும் என்றால் 32, முடியாது என்றால் 27.

மேக்கில் 32-ஐ 3008×1692 என்கிற அளவில் வைத்தால் எழுத்து படிக்கிற அளவில் இருக்கும், இன்டெலிஜேயின் எல்லாப் பட்டைகளையும் திறந்து வைத்தும் பக்கத்தில் லாக் டெர்மினல் நிற்கும். அதே அளவை 27-ல் வைத்தால் எழுத்து பொடியாகும், உங்கள் கண்ணுக்கு 2560×1440 அளவுதான் சரி. இடம் வேண்டும் என்றுதானே இத்தனை பாடு, ஆகவே என் ஓட்டு 32-க்கும் ஆர்முக்கும். அகலம் சுமார் 71 சென்டிமீட்டர், நாலடி மேசையில் பக்கத்தில் லேப்டாப் வைக்கவும் இடம் மிஞ்சும்.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கினால் கடையிலேயே பெட்டியைத் திறந்து மாட்டச் சொல்லி, முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படம் போட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ஓரிரு செத்த பிக்சலுக்கெல்லாம் பல நிறுவனங்கள் மாற்றித் தருவதில்லை.

டெர்மினல்வாசி எழுதியது:

32 வாங்கியதும் விண்டோவைக் கையால் இழுத்து இழுத்து அடுக்கிக்கொண்டிருக்க வேண்டாம் தம்பி. மேக்கில் ரெக்டாங்கிள் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, விசையை அழுத்தினால் மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்று நறுக்கி வைக்கும். இதே வேலைக்கு விண்டோஸ்காரர்களுக்குப் பவர்டாய்ஸில் ஃபேன்சிஸோன்ஸ். பெரிய திரையை வாங்கிவிட்டு ஒரே விண்டோவை முழுத்திரைக்கு விரித்து, வலது பாதி முழுக்க வெள்ளையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மாடிவீட்டு_கோடர் எழுதியது:

32-ம் ஆர்மும் என்று முடிவு செய்துவிட்டேன். கடைசிக் கேள்வி: மேசை சாதாரண பார்ட்டிக்கிள் போர்டு, ஓரத்தில் ஏற்கெனவே கொஞ்சம் உப்பியிருக்கிறது. ஆர்மின் பிடியைத் தாங்குமா? வீட்டுக்காரர் சுவரில் ஓட்டை போட விடமாட்டார்.

கழுத்துவலி_சங்கம் எழுதியது:

உப்பிய இடத்தில் மாட்டவே மாட்டாதீர்கள், பிடியை இறுக்க இறுக்க பலகை மாவாக உதிரும். நல்ல இடமாகப் பார்த்து, பிடிக்கு மேலேயும் கீழேயும் ஒரு சாண் அகலத்துக்கு இரும்புத் தகடோ கனமான பிளைவுட் துண்டோ வைத்து இறுக்குங்கள், எடை பரவும். ஆர்மோடு சேர்த்தே இந்தத் தகடு தனியாக விற்கிறார்கள், கார்பென்டரிடம் கேட்டால் கழிவுத் துண்டிலேயே வெட்டிக் கொடுத்துவிடுவார். வாங்கும் முன் மானிட்டரின் பின்னால் ஆர்மை மாட்டும் வெசா திருகுத் துளைகள் 100×100 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றனவா, ஸ்டாண்டு இல்லாமல் அதன் எடை எவ்வளவு, ஆர்ம் அதைத் தாங்குமா என்று பாருங்கள். மலிவான ஆர்ம்கள் பல 27 அங்குலம் வரைக்கும்தான். அப்புறம் மேசையைச் சுவரிலிருந்து நாலு விரல் முன்னால் இழுத்துப் போடுங்கள், ஆர்மின் முழங்கை மடங்கப் பின்னால் இடம் வேண்டும்.